சகாயமேரி தனியாகப் போகவில்லை

"கூட யாரு இருக்கா?"

தஞ்சாவூரில் என் மனைவி சகாயமேரியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நான்தாங்கம்மா."

"ஐயா, இது பொம்பளைங்க வார்டு. நீங்க தங்க முடியாது. பொம்பளை ஆள் யாரு?"

எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஒரே ஊரில் இருக்கத் தெரியாதவன். அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லுக்காக, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி என்று வாத்துகளை ஓட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் பிழைப்பு. வரப்பில் கூடாரம் போடுவோம். பிள்ளை இல்லை. சொந்தம் என்று போய் நிற்க வீடும் இல்லை. ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒருவரை விட்டு ஒருவர் இருந்ததில்லை.

போன மாசியில் சம்பா அறுப்பு முடிந்த வயலில் அவள் மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது என்றார்கள். ஏற்றிய ரத்தமும் தங்கவில்லை. வாத்துகளைத் தெரிந்தவர் ஒருவரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கொட்டகையில் படுத்தேன். பார்வை நேரத்தில் மட்டும் உள்ளே விட்டார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாள்.

"என்னங்க, சாவுறதுக்கு பயம் இல்ல. யாரும் பக்கத்துல இல்லாம போயிடுவேனோன்னுதான் பயமா இருக்கு."

வெளியே வேப்பமரத்தடியில் மண்டியிட்டேன். தவக்காலம் தொடங்கியிருந்தது. எனக்கு அழகாகச் செபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, சுகம் கொடு. அதைக் கொடுக்க மாட்டாய் என்றால், அவள் பக்கத்தில் உட்கார ஓர் ஆளையாவது கொடு" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

மறுநாள் ஓர் அம்மா கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தார். கூட இரட்டைப் பிள்ளைகள், எஸ்தரும் டேவிட்டும். பெயரைக் கேட்டதும் நம் ஆட்கள்தான் என்று நினைத்து, "நீங்க எந்தக் கோயிலும்மா?" என்றேன்.

"நாங்க யூதருங்கண்ணா. சொந்த ஊரு பம்பாய்ப் பக்கம். வீட்டுக்காரருக்கு இங்க வேலை."

"பைபிள்ல வர்ற யூதரா?"

டேவிட் சிரித்தான். "பைபிள்லயும் இருக்கோம் அங்கிள், தஞ்சாவூர்ல வாடகை வீட்லயும் இருக்கோம்."

அவர்கள் முறையில் பன்னிரண்டு, பதிமூன்று வயதானால் பெரியவர் கணக்காம். கடவுள் கட்டளைக்குப் பிள்ளைகளே பொறுப்பாம். பையனுக்கு பார் மிட்ஸ்வா, பெண்ணுக்கு பாட் மிட்ஸ்வா என்று விழா எடுப்பார்களாம். விருந்தோடு விழா முடியக்கூடாது, அதற்கு முன் யாருக்காவது உழைக்க வேண்டும் என்று இந்த இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறார்கள். துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளோடு இருப்பது என்று அவர்களே தேர்ந்துகொண்டது.

அன்று முதல் பகலில் அந்த அம்மா சகாயமேரியோடு இருந்தார். பள்ளி விட்டதும் எஸ்தர் வந்துவிடுவாள். டேவிட் வெளியே எங்களுக்குக் கஞ்சி ஊற்றுவான், வார்டு வாசலில் எஸ்தரிடம் கேட்டு வந்து எனக்குச் செய்தி சொல்வான். இரவில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்தவர் பார்த்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு தலை வாரி விடுதுங்க," என்றாள் சகாயமேரி. "நான் வாத்துக்குஞ்சைப் புடிக்கிற மாதிரி பயந்து பயந்து புடிக்குது." பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். வண்டி ஏற மாட்டார்கள். அன்றும் மூவரும் வெயிலில் வீட்டிலிருந்து நடந்தே வந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை சகாயமேரிக்கு மூச்சு வாங்கியது. அவசரமாக ரத்தம் வேண்டும், வெளியே ரத்த வங்கியில் வாங்கி வாருங்கள், அதற்குப் பதிலாக ரத்தம் கொடுக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள். அந்த அம்மா முதல் ஆளாக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னைக்கு வண்டி ஏறலாமாம்மா?"

"உயிர்னு வந்துட்டா ஏறித்தான் ஆகணும். அதுவும் கட்டளைதான். உக்காருங்கண்ணா."

நானும் கொடுத்தேன், அவரும் கொடுத்தார். ரத்தத்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்தோம். வார்டு வாசலில் டேவிட் தலை குனிந்து நின்றான்.

சகாயமேரி போய்விட்டாள். எஸ்தர் அவள் கையை இன்னும் விடவில்லை. "உங்களைக் கேட்டாங்க அங்கிள். வந்துட்டே இருக்காங்கன்னு சொன்னேன். கையைப் புடிச்சுக்கச் சொன்னாங்க," என்றாள். ரத்தப் பை என் கையில் சில்லென்று இருந்தது.

அவள் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில் இடம் கேட்கவும் அமரர் ஊர்திக்குச் சொல்லவும் நான் அலைந்தேன். இறந்தவரைத் தனியாக விடுவது அவர்கள் வழக்கம் இல்லையாம். நான் திரும்பும் வரை மூவரும் அவளோடு இருந்தார்கள்.

சாயங்காலம் ஊர்தி புறப்பட்டது. கொஞ்ச தூரத்தில் ரோட்டோரமாக அவர்கள் நடந்து போவது தெரிந்தது. டிரைவரிடம் சொல்லி நிறுத்தினேன்.

"ஏறுங்கம்மா. வீட்டுல இறக்கி விட்டுட்டுப் போறோம்."

"வேணாங்கண்ணா. சூரியன் மறையற வரைக்கும் நாங்க வண்டி ஏறக் கூடாது."

"காலையில ஏறினீங்களே?"

எஸ்தர்தான் சொன்னாள்.

"காலையில ஆன்ட்டி உயிரோட இருந்தாங்க அங்கிள்."

அதுவரை நான் அழவில்லை. அந்த வண்டியில்தான் அழுதேன்.

நான் கேட்டதில் ஒன்றை ஆண்டவர் தரவில்லை. ஏன் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மற்றொன்றைத் தந்தார். அவள் பயந்தபடி தனியாகப் போகவில்லை. அதற்கு நன்றி சொல்லாமல் என்னால் ஒரு நாளும் தூங்க முடியாது.

இப்போதும் வாத்துதான் மேய்க்கிறேன். ஆனால் எந்த ஊர்ப் பக்கம் போனாலும் அங்குள்ள ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்குப் போகிறேன். ஆள் இல்லாதவர் பக்கத்தில் உட்காருகிறேன். பெண்கள் வார்டுக்குள் என்னை விட மாட்டார்கள்.

இதை வாசிக்கும் அம்மாமாரே, அக்காமாரே, உங்களை விடுவார்கள். யாரோ ஒருத்தி அங்கே படுத்துக்கொண்டு ஆள் கேட்டு செபித்துக்கொண்டிருப்பாள். ஆண்டவர் அதைக் கேட்பார் என்று நம்புங்கள். நம்பிவிட்டு, எழுந்து போங்கள். "கூட யாரு?" என்று நர்ஸம்மா கேட்கும்போது, "நான் இருக்கேங்க" என்று சொல்லுங்கள்.