லியாகத் பாயின் ஈரலுக்குப் போன பொய்ச் சேதி

மூணாங்கிளாஸோடு நின்றவன் நான். இன்றைக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டிரம் பத்து ஓடுகிற ஷெட் என்னுடையது. தோலில் எனக்குத் தெரியாதது கிடையாது. இருந்தும் "கன்னியப்பா, இது மட்டம், அனுப்பாதே" என்று என் முகத்துக்கு நேரே சொல்கிற ஒரே ஆள், தரம் பிரிக்கும் லியாகத் அலி. இருவரும் ஒரே நாளில் கூலிக்குச் சேர்ந்தவர்கள். அவரைப் பற்றி எழுத என்னை விட்டால் யார்?

மூன்று வருஷத்துக்கு முன் பாய்க்குக் கண்ணெல்லாம் மஞ்சள். குடிக்காத மனுஷனுக்கு ஈரல் வீக்கம். வேலூருக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். டாக்டர் ஜாஸ்மின் சொன்னார்: "கிருமி வந்தா ஒரு செல் அடுத்த செல்லுக்குச் சேதி அனுப்பும். அது கைமாறிப் போய் காவல் செல்லுங்க அடிக்க வரும். இவருக்குக் கிருமியே இல்லை, சேதி மட்டும் நிக்காம போகுது. காவல்காரங்க ஈரலையே அடிக்கிறாங்க. விட்டா தழும்பேறிக் கெட்டிப்பட்டுடும். இந்த மாத்திரை சேதியை அடக்கும்."

மூணே மாதத்தில் கண் வெளுத்தது. "சரியாப் போச்சு பாய், நிறுத்துங்க" என்றது நான்தான். நிறுத்தினார். ஆறு வாரத்தில் மஞ்சள் திரும்பியது, முன்னைவிட ஜாஸ்தி.

படுக்கையிலிருந்தே என்னைப் பிடித்தார். "யோவ், மேலே கலர் ஏறிடுச்சுன்னு டிரம்மை நிறுத்துவியா? ஓரத்தை வெட்டி, நடுவுல பதமாகாம பச்சையா இருக்குதான்னு பாக்க மாட்ட?"

"பாப்பேன்."

"தோலுக்குப் பாப்ப. தோஸ்துக்குப் பாக்க மாட்ட!"

அவர் மனைவி பக்ருன்னிசா விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேலூர் போகக் கார் சாவியை எடுத்தேன்.

மறுபடி மாத்திரை. இரண்டு வருஷம், தினமும் காலையில் நானே போன் போட்டு விழுங்க வைத்தேன். ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தும், ஊசி விட்டு ஈரலில் நூலளவு சதை எடுத்துப் பார்க்கணும் என்றார் டாக்டர். பாய் உடனே சட்டையைத் தூக்கினார். "ஓரம் வெட்டுறாங்க. வெட்டட்டும்."

போன செவ்வாய்க்கிழமை ரிசல்ட். உள்ளே வீக்கம் இல்லை, தழும்பு கூடவில்லை. "மாத்திரையைக் கொஞ்சம் குறைக்கலாம். நிறுத்துறது நான் சொன்னாத்தான்" என்றார் டாக்டர், என்னைப் பார்த்தபடி.

முந்தின நாளே ஆற்காட்டு மக்கன்பேடா இரண்டு கிலோ வாங்கி வண்டியில் வைத்திருந்தேன். பாய் டப்பாவைப் பார்த்துவிட்டார்.

"ரிசல்ட் மோசமா வந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"நானே தின்னுருப்பேன், அழுதுக்கினே."

அவர் டப்பாவைப் பிரித்து, முதல் பேடாவை என் வாயில் திணித்தார்.