அம்மா தோட்டா மாற்றிக் கொடுத்ததில்லை

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மகனின் வணக்கம்.

அம்மா எருமப்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா தவறிவிட, காவலர் வேலை பார்த்தபடியே என்னைத் தனியாக வளர்த்தார். பணிக்காலத்தின் பெரும்பகுதி சேலத்தில், காவலர்களுக்குத் தோட்டா வழங்கும் கிடங்கில் கழிந்தது.

அங்கே அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெறும் எண்ணைச் சொல்லிக் கேட்டால் தோட்டா தர மாட்டார். எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கும் ஏ.கே. துப்பாக்கிக்கும் தோட்டாவின் எண் ஒன்றுதான், ஏழு புள்ளி அறுபத்திரண்டு. ஆனால் ஒன்று நீளம், மற்றது குட்டை. ஒன்றுக்கானது மற்றதில் சேராது. "நம்பரச் சொல்லாதீங்க, எந்தத் துப்பாக்கிக்குன்னு சொல்லுங்க" என்பார். அதிகாரியே வந்தாலும் துப்பாக்கியின் பெயரைச் சொல்லவைத்த பிறகே எடுத்துக் கொடுப்பார். வீட்டிலும் அப்படித்தான். பேட்டரி கேட்டால் எந்த டார்ச்சுக்கு என்பார்.

ஓய்வுக்குப் பின் சர்க்கரை நோய் வந்தது. கண் மங்கிவிட்டதால் இன்சுலின் போடுவது என் பொறுப்பு. சென்ற ஆண்டு மருத்துவர் மருந்தை மாற்றினார். புதியது இரண்டரை மடங்கு வீரியம் கூடியது, அதற்கு அளவுக்கோடு வேறான ஊசி வேண்டும். மருந்துக்கடையில் அதைச் சொன்னார்கள். நான் கைப்பேசியில் பேசிக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் மீந்திருந்த பழைய ஊசியில், வழக்கமான இருபது கோடு வரை இழுத்தேன்.

"எந்த மருந்துக்கு எந்த ஊசி, சொல்லு சாமி" என்றார் அம்மா.

"இதென்னங்கம்மா உங்க கெடங்கா? அதே இருவதுதான், கையக் காட்டுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா கையைக் காட்டினார்.

இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி நினைவிழந்தார். மருத்துவமனையில் அவர் கண் விழித்ததும், ஊசி போட்டது யார் என்று மருத்துவர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நாந்தானுங்க போட்டுக்கிட்டேன், கண்ணு செரியாத் தெரியலீங்க" என்றார் அம்மா. நான் மறுக்கவில்லை. அதன்பின் அவர் வீடு திரும்பவில்லை.

துக்கத்துக்கு வந்த பலரும், "அத்தன வருசம் தோட்டா மாத்தாதவிங்க, கடசியில ஊசிய மாத்திப் போட்டுக்கிட்டாங்களே" என்று வருந்தினீர்கள். நான் ஆமாங்க என்றேன். அந்த ஆமாங்க இந்த ஓராண்டும் என்னைத் தூங்கவிடவில்லை.

அவசரத்துக்குக் கார் எடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், அம்மாவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த சக காவலர்களுக்கும் நன்றி சொல்லி முடியாது. எல்லோரிடமும் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அம்மா மாற்றிப் போட்டுக்கொண்டார் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். மாற்றியது நான். அம்மா அன்றும் கேட்கத்தான் செய்தார்.