வேலூரில் வாங்கிய பத்தாவது புத்தகம்

என் அக்கா வீட்டுக்காரர் இன்பராஜ் எட்டாவது வரைதான் படித்தவர். கர்நாடகாவில் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பம்ப் ஓட்டினார். ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் புத்தி சொல்ல முதலில் போய் நிற்பார்.

தொண்ணூற்றேழில் அவர் மகள் ஐடா ஒன்பதாவது முடித்தாள். வகுப்பில் இரண்டு தடவை வலிப்பு வந்ததால், "இனிமே அனுப்பாதீங்க" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பாவிகள், அது என்ன ஒட்டுவாரொட்டியா?

"போனா போவுது. நானே சொல்லித் தரேன், பிரைவேட்டா பத்தாவது எழுதட்டும்" என்றார் அத்தான்.

பங்காருபேட்டைக் கடைகளில் தமிழ் மீடியம் புத்தகம் இல்லை. "வேலூருல தமிழ்ப் புக்கு கொட்டிக் கெடக்குது, கெளம்பு மச்சான்" என்று என்னை ரயிலேற்றினார். பழைய புத்தகக் கடையில் முழு செட்டும் பாதி விலைக்குக் கிடைத்தது. அட்டையில் தமிழ்நாடு அரசு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நானும் பார்த்தேன். பெண் எடுப்பது, பண்டிகைத் துணி எடுப்பது எல்லாம் எங்களுக்கு வேலூர்ப் பக்கம்தான். பாடம் மட்டும் வேறாக இருக்கும் என்று இரண்டு மடையர்களுக்கும் உறைக்கவில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் இரண்டு மணி நேரம் தூங்குவார். எழுந்து, பாடத்தைத் தான் முதலில் படித்துவிட்டு அவளுக்குச் சொல்லித் தருவார். ஒரு வருஷம் ஒரு நாள் தவறவில்லை.

பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு ஐடாவை ஹால் டிக்கெட் வாங்க நான் கூட்டிப் போனேன். அங்கே வந்திருந்த ஒரு பெண்ணின் சமூகவியல் புத்தகத்தைப் புரட்டியவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, இது வேற புக்கு. கர்நாடகாவுது. நாம படிச்சது ஒண்ணும் இதுல இல்ல."

"அப்பாகிட்ட சொல்லிடலாமா?"

"வேணாம் மாமா. பத்து நாள்ல இன்னா பண்ண முடியும்? அவருக்கு மனசு வுட்டுப் போயிடும்."

சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அந்தப் பத்து நாளும் அத்தான் தமிழ்நாட்டு மாவட்டங்களைக் கேட்டார். அவளும் ஒப்பித்தாள்.

கணக்கில் மட்டும்தான் தேறினாள். அத்தான் தெருவில் நின்று எல்லோரிடமும், "ஒரு வருசம் உயிரக் குடுத்து சொல்லித் தந்தேன், மண்டையில ஏறல. வலிப்பு வந்த மூளைதான" என்றார். வாசலில் நின்ற ஐடா என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

அதன்பிறகு அவள் பரீட்சையே எழுதவில்லை. கொடுத்த வாக்குக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். அது பொய். சொன்னால் என்னையும் திட்டுவாரே என்று பயந்தேன், அவ்வளவுதான்.