புகைக்கூடத்தின் உள்மூலை

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் வேலை எனக்கு. செமோர் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தை அப்போது வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு உலர்த்திய புகைக்கூடம் மட்டும் மிஞ்சியிருந்தது. என் அம்மா வேலை செய்த கட்டடம். அதைக் கல்யாண மண்டபமாக்குவதற்காக, பக்கவாட்டில் ஒரு புதுக்கூடம் ஒட்டி, ‘எல்’ வடிவத்தில் படம் வரைந்தது நான்தான்.

கூரை போட்ட வாரமே ஒரு பிற்பகலில் பேய்க்காற்று. மறுநாள் கட்டடக் குத்தகைக்காரர் போன் செய்தார்.

“தங்கச்சி, மூலையில சுவரு விட்டுப்போச்சு. நீயே வந்து பாருலா.”

போய்ப் பார்த்தால், இரண்டு கூடங்களும் சேரும் உள்மூலையில் விரல் நுழையும் பிளவு. மேலே பலகைகள் ஆணியோடு பிய்ந்திருந்தன.

ஏணியில் ஏறி நின்று யோசித்தேன். காற்று தள்ளுவதைச் சுவர் கூரையிடம் கொடுக்கும். கூரை, படுக்கவைத்த பெரிய பலகைபோல அதை ஏந்தி, காற்றடிக்கும் திசையில் நீளும் சுவர்களிடம் சேர்க்கும். அவை தரையில் இறக்கிவிடும். இங்கே இரண்டு கூடங்களும் ஆளுக்கொரு விதமாக அசைந்திருக்கின்றன. அந்த இழுப்பை மூலையில் வாங்கிக் கடத்த எதுவுமே இல்லை. சுவர்மேல் ஓடும் உத்தரத்தை அந்த மூலையோடு நிறுத்தியிருந்தேன்.

“உங்க வேலையில குறை இல்லண்ணே. என் படந்தான் தப்பு.”

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். “சரி, என்னா செய்யணும்? சொல்லு, செஞ்சிரலாம்.”

உத்தரத்தை மூலை தாண்டி அடுத்த கூடத்தின் கூரைக்குள் நீட்டினோம். இரும்புப் பட்டையால் பிணைத்தோம். இரண்டு கூரைகளிலும் ஒட்டுப்பலகை விரித்து நெருக்கமாக ஆணியடித்தார்கள். புகைக்கூடத்தின் பழைய மரச்சட்டங்களைப் பிடித்த என் கையெல்லாம் கரி. அந்தப் புகைவாசம் மூக்கில் ஏறியதும் வேலையை மறந்து நின்றுவிட்டேன். பள்ளிவிட்டு வந்து இதே வாசலில் காத்திருப்பேன். உள்ளேயிருந்து அம்மா வேர்த்து வழிய வருவாள், சேலையெல்லாம் இந்த வாசம். சாப்பாட்டுத் தூக்கில் எனக்கென்று ஒரு வாய் மிச்சம் வைத்திருப்பாள். அந்த வருடங்களில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மண்டபத்தின் முதல் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த நேரம், வானம் இருண்டு காற்று சுழன்றது. தகரம் படபடத்தது. நான் இலைமுன் உட்கார்ந்து உள்மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புகூட உதிரவில்லை.

“சோறு ஆறுது, சாப்பிடுலா,” என்றார் எதிரே இருந்த குத்தகைக்காரர். அவரும் அதுவரை இலையில் கைவைக்கவில்லை.