ஒன்பது வெற்றுக் கோப்புகள்

ம்சூசு நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், வெல்டிங் பட்டறையின் மாடியில் ஆறு பேர் வாடகையைப் பகிர்ந்துகொண்டு மென்பொருள் எழுதுகிறார்கள். தெம்வானானி அவர்களில் ஒருத்தி. கல்லூரிக்குப் போக வழியில்லை. நூலகக் கணினியில் ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் என்று இரண்டரை வருடம் உட்கார்ந்து தானே கற்றுக்கொண்டாள். அப்படிக் கற்றவர் அந்த அறையில் வேறு யாருமில்லை.

அந்த மாடியில் ஒரு சட்டம் உண்டு. போன கரண்ட் திரும்பி வந்தால் ஐந்து நிமிடம் யாரும் எதையும் தொடக் கூடாது. வந்த வேகத்தில் அது மறுபடி போகும். கீழே வெல்டிங் ஆட்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கரண்ட் வந்தது. தெம்வா காத்திருக்கவில்லை. அன்று இரண்டு மணிக்கு மருத்துவமனையில், பிரசவ வார்டுப் பதிவேட்டுக்காக அவள் எழுதிய மென்பொருளை மேட்ரன் நியாகோண்ட்வேயிடம் இயக்கிக் காட்ட வேண்டும். மேட்ரனுக்குப் பிடித்தால் ஒரு வருட வேலை. இல்லையென்றால் அந்த வேலை தலைநகரத்து ஆட்களுக்குப் போய்விடும்.

அவளுடைய மடிக்கணினியின் பேட்டரி செத்து வெகு காலமாகிறது. ஒரு சொல்லை ஒன்பது கோப்புகளில் ஒரே மூச்சாக மாற்றிச் சேமித்தாள். அந்த நொடியில் கரண்ட் போனது.

ஒன்பது மணிக்கு மறுபடி வந்தபோது ஐந்து நிமிடம் காத்திருந்துதான் போட்டாள். கணினி எழுந்தது. கோப்புகளும் இருந்தன, அளவும் சரியாக இருந்தது. திறந்தால் உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை.

"சுஸ்கோ அண்ணா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

பக்கத்து மேசை சுஸ்கோ எட்டிப் பார்த்தான். "அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியல உனக்கு. ஊருக்கே சட்டம் சொல்றவ நீதான். சரி, பென் டிரைவ் இருக்குல்ல?"

இருந்தது. அவள் ஒருநாளும் மறந்துவிடக் கூடாது என்று, கணினி எழுந்ததுமே எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு நகலெடுக்கும் சின்ன நிரல் ஒன்றைத் தானே எழுதி வைத்திருந்தாள். அது இன்றும் தன் கடமையைச் செய்திருந்தது. நல்ல நகலின் மேல் வெற்றுக் கோப்புகளை எழுதி முடித்திருந்தது.



"இணையத்துல?" என்று கேட்டான் சுஸ்கோ.

"சனிக்கிழமைதானே டேட்டா மலிவு. அன்னைக்குத்தான் ஏத்துவேன். போன சனிக்கிழமை சாவு வீட்ல இருந்தேன்."

"அப்போ பன்னெண்டு நாள் பழசு."

"ஆமா."

சுஸ்கோ அதற்குமேல் கேலி செய்யவில்லை. அவளுக்கு அதுதான் அதிகமாகப் பயம் தந்தது.

முதலில் கெட்டுப்போன கோப்புறையை அப்படியே தனியாக நகலெடுத்து வைத்தாள். எதைச் செய்தாலும் இதைவிட மோசமாகக் கூடாது. பிறகு நாற்பத்தொரு கோப்புகளின் பெயரையும் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். முப்பத்திரண்டு நல்லவை. கணினியின் ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தாள், குறை ஒன்றும் இல்லை என்றது. கோபத்தில் அழுகை வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு அவள் நினைவுக்கு வந்தது, நிரல் எழுத அவள் பயன்படுத்தும் மென்பொருள் ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு நகலை எங்கோ ஒளித்து வைக்கும் என்பது. தேடிப் பிடித்தாள். அர்த்தமில்லாத பெயர்களில் எழுநூறு கோப்புகள். தேதி பார்த்து, உள்ளே படித்து, எது எதனுடையது என்று பொறுக்கினாள். நடுவில் சுஸ்கோ வைத்த வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு ஆறிக் கிடந்தது. ஒரு மணிக்கு எட்டுக் கோப்புகள் திரும்பின.

ஒன்பதாவது, மாவட்டத்துக் கிராமங்களின் பட்டியல். நர்சுகள் எழுதிக் கொடுத்த தாள்களைப் பார்த்து இரண்டு வாரமாக அவள் தட்டியது, அறுநூற்று நாற்பது ஊர். தட்டி முடித்ததும் தாள்களைத் திருப்பிக் கொடுத்திருந்தாள். பெரிய கோப்புகளுக்கு அந்த மென்பொருள் நகல் வைப்பதில்லை. பன்னிரண்டு நாள் பழைய பட்டியலில் தொண்ணூறு ஊர்தான். அதோடு மருத்துவமனைக்குப் போனாள்.

மேட்ரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தன் ஊரைத்தான் தேடினார்.

"எங்க ஊரு எங்கம்மா? ஆத்துல போயிடுச்சா?"

"இருந்துச்சு மேடம். காலைல கரண்ட் போனதுல அழிஞ்சுடுச்சு. தப்பு என்னோடதுதான்."

"இங்கயும் கரண்ட் போகும். ஒரு பொண்ணு வலியில கத்திட்டு இருக்கும்போது போகும். அப்போ அவ பேரும் அழிஞ்சுடுமா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "அதை நான் சோதிச்சுப் பாக்கல மேடம்."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார். தலைநகரத்து ஆட்களின் கடிதம் அவர் கைக்கடியில் இருந்தது.

"திங்கட்கிழமை காலைல கொண்டா. நான் பேரு போட்டுட்டு இருக்கும்போதே நானே பிளக்கைப் பிடுங்குவேன். பேரு இருந்தா பேசலாம். இல்லன்னா வர வேண்டாம்."

அலமாரியிலிருந்து நர்சுகளின் தாள்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். தெம்வா அதை இரண்டு கையாலும் வாங்கி, வாசலிலேயே நின்று பக்கங்களை எண்ணினாள். இருபத்தாறு. ஒன்றும் குறையவில்லை.