வேலாயியின் கூரைமேல் பதினொரு காய்

வேலாயியை யாராவது கள்ளி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவள் திருடியது உண்மைதான். அதில் பாதி என் வயிற்றுக்குள் போனதும் உண்மைதான். அதற்காக அப்படிச் சொல்லிவிடுவதா?

இலங்கை மலைநாட்டில், பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசை வீடான லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவும் என்னுடையதும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். இருபது வருஷம் கொழுந்து பறித்து முழங்கால் இரண்டும் வீங்கிப்போனவளுக்கு, 1953இல் வெள்ளைக்காரத் தொரையின் பங்களா மரக்கறித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. சமதரை. அட்டைக்கடி இல்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடி, பேர் கொடுக்க வரிசையில் நிற்க வேண்டாம். அந்த வேலை போனால் மறுபடி மலைதான்; அந்தக் கால்கள் ஒரு மாதம்கூடத் தாங்காது. இது அவளுக்கும் தெரியும், லயத்துக்கே தெரியும்.

தெரிந்தும் அவள் கை சும்மா இருக்கவில்லை.

அடுத்த வருஷம் தொரையின் மனைவி, எங்கள் தொரசாணி, சீமையிலிருந்து ஒரு விதை வரவழைத்தார். பெயர் சுக்கினி. வெள்ளரிக்குத் தம்பி மாதிரி ஒரு பச்சைக் காய். கொடி ஓடாமல் ஒரே இடத்தில் புதராக உட்கார்ந்து காய்க்கும். எங்கள் வாயில் அது தொரசாணிக் காய் ஆயிற்று. தொரசாணிக்குத் தெரிந்தது கட்டளை போடும் தமிழ் மட்டுமே. “சின்னது பறி. விரல் நீளம். பெரிசு வேணாம்,” என்றார்.

வேலாயிக்கு அது பொறுக்கவில்லை. “பூவுகூட இன்னும் உதிரல, அதுக்குள்ள பறிக்கணுமாம். பச்சப்புள்ளைய அறுக்கிற மாதிரி இருக்கு,” என்று லயத்துக்கு வந்து புலம்பினாள். இருபது வருஷமாகத் தளிராகப் பார்த்துக் கிள்ளிய கைக்கு இந்த இரக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “தேயில தொரைக்கு. காய் வயித்துக்கு,” என்றாள்.

ஆகவே நாளுக்கு நான்கு பிஞ்சு பங்களாவுக்குப் போகும். இலைக்கடியில் ஒளித்துவைத்த மற்றதெல்லாம் கை நீளம் வளர்ந்து, அவள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்குள் வீட்டுக்கு வரும். காய் ஏன் குறைகிறது என்று கேட்டால், “முள்ளம்பன்னிங்க அம்மா,” என்பாள். தொரை ஒரு காவல்காரனைப் போட்டார். அது வேலாயியின் புருஷன் கணபதி. அதற்குப் பிறகு முள்ளம்பன்றி இன்னும் நன்றாகத் தின்றது.

சமையலில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தோலைச் சீவி, நடுவிலுள்ள பஞ்சை வழித்துவிட்டு, நெத்திலிக் கருவாட்டோடு புளி விட்டு வைப்பாள். சட்டியில் தண்ணீர் ஊற்ற விடமாட்டாள்; காயே வேண்டிய மட்டும் விடும். விதையை உப்புப் போட்டு வறுத்துத் தருவாள். தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்காரர் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்தார். அவர் ஒருநாள் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “உதிலை முக்காலே மூண்டு வீசம் தண்ணிதானே. சத்துக் கிடக்கிறது தோலிலை. அதையும் சீவி எறிஞ்சுபோட்டு என்னத்தைச் சாப்பிடுறியள்?” என்றார். சொல்லிவிட்டு இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மிஞ்சியதைச் சேர்த்துவைக்கவும் அவளுக்குத் தெரியும். பிஞ்சு மூன்று நாளில் சுருங்கிப்போகும். முற்றியதைக் காம்போடு அறுத்து, கழுவாமல், வெயிலில் தோலை இறுகவிட்டால் பூசணி மாதிரி மாதக்கணக்கில் கிடக்கும். அப்படிப் பதினொரு காயைக் கூரைத் தகரத்தின்மேல் வரிசையாகப் படுக்கவைத்தாள். முன்னும் பின்னும் நின்று பார்த்தோம். கீழிருந்து ஒன்றும் தெரியவில்லை.

மேலே பார்க்க மறந்துவிட்டோம். எங்கள் தோட்டத்தில் ஒருவர் கூரை இன்னொருவர் காலடியில் இருக்கும். கார் ரோடு லயத்துக்கு நேர்மேலே வளைகிறது. நாங்கள் குறுக்குப் பாதையில் நடக்கிறவர்கள், அந்த நினைப்பே வரவில்லை. ஒரு நாள் காலை அந்த வளைவில் கார் நின்றது. தொரையும் தொரசாணியும் இறங்கி எங்கள் கூரையை எட்டிப் பார்த்தார்கள்.

கீழே வந்த தொரை கூரையைக் காட்டினார். “இதா முள்ளம்பன்னி?”

வேலாயி குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

“நாளைக்குப் பெரட்டுக்கு வா. மலைக்குப் போ.”

அவள் முகம் செத்துப்போயிற்று. இன்னும் கொண்டுவா என்று ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

தொரசாணி இதெல்லாம் காதில் விழுந்ததாகவே காட்டவில்லை. எல்லாவற்றிலும் பெரிய காயை இறக்கச் சொல்லி, இரண்டு கையாலும் ஏந்தி எடை பார்த்தார். பண்டாரவளையில் வருஷா வருஷம் தொரைமார் கிளப்பில் காய்கறிக் கண்காட்சி நடக்கும். மூன்று வருஷமாக, பெரிய காய்க்கான பரிசை அடுத்த தோட்டத்துத் தொரசாணியே தட்டிக்கொண்டு போயிருந்தார்.

“இன்னும் பெரிசு வருமா?” என்று கேட்டார் எங்கள் தொரசாணி.

வேலாயிக்கு உயிர் வந்தது. “வரும்ங்க அம்மா. ஒரு செடிக்கு ஒரு காய்தான் விடணும். மத்த பிஞ்செல்லாம் கிள்ளிப் போட்டுறணும். தெனமும் ஆளு நின்னு பாக்கணும்.”

“நீ பாரு.”

தொரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். தொரசாணி திரும்பிப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார்.

பரிசு கிடைத்தது. வேலாயி அதற்குப் பிறகு எட்டு வருஷம், வேலையை விடும்வரை, மலையேறவில்லை. பரிசு வாங்கிய கிழட்டுக் காய்களை அவித்துப் பங்களாவில் எத்தனை நாள் மென்றார்களோ, எனக்குத் தெரியாது. கிள்ளிப்போட்ட பிஞ்செல்லாம் படங்குக்குள் ஏறி லயத்துக்கு வந்தன. முதல் தடவை, தோலோடு வட்டமாக நறுக்கி, மிளகாய்த்தூள் போட்டு எண்ணெயில் வதக்கினாள். ஒரு வாய் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அந்தப் பொம்பள சொன்னது நெசந்தான், பிஞ்சுலதான் ருசி,” என்றாள். இன்னொரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். “பங்களாவுல யாரும் மூச்சு விட்றாதீங்க. பிஞ்சு ஞாபகம் வந்துச்சுன்னா திருப்பிக் கேட்டுருவா.”