ஒன்பது காலிக் கட்டங்கள்

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் நான் வழக்கமாகக் கீரை வாங்கும் கடைக்காரர் ஒருநாள், "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஒரு நாட்டோட கடற்படைக்குப் போர்க்கப்பல் திட்டம் போட்டுக் குடுக்கிறேன்" என்றேன். கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு "சரி சரி, ரெண்டு வெள்ளி" என்றார். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

போர்க்கப்பல் திட்டம் என்றதும் பீரங்கி, ஏவுகணை என்று நினைப்பீர்கள். அதெல்லாம் காசு உள்ளவர்கள் சமாச்சாரம். எங்களுடையது பதினோரு பேர் வேலை பார்க்கும் சின்ன ஆலோசனைக் கம்பெனி. எங்களைத் தேடி வந்ததும் ஒரு சின்ன நாடு. பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களிடம் ஒரே மாதிரிக் கட்டிய நாலு ரோந்துக் கப்பல்கள் இருந்தன. நாலும் கிழடு. புதிதாக இரண்டு வாங்கத்தான் வசதி, அதுவும் ஆறு வருஷம் கழித்துத்தான் கைக்கு வரும். அதுவரைக்கும் நாலும் ஓடவேண்டும். ஒன்று குறைந்தாலும் பாதிக் கடலுக்குக் காவல் கிடையாது. ஆளுக்கும் தட்டுப்பாடு. கப்பலுக்கு முப்பத்தொரு பேர் வேண்டும், நாலுக்கும் சேர்த்துப் பதினாறு பேர் குறைந்தார்கள். இந்த நிலைமையில் எந்தக் கப்பலை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டலாம் என்று சொல்வதுதான் என் வேலை. தப்பாகச் சொன்னால் உள்ளே இருக்கிற முப்பத்தொரு பேர் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருபது வருஷமாகக் கப்பல் எஞ்சினியராக இருப்பவள் அது தெரியாது என்று சொன்னால் செருப்பால் அடிக்கவேண்டும்.

அந்த நாலில் இரண்டாவது கப்பல் சோதனைக்காகச் சிங்கப்பூர் வந்தது. துவாஸ் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் கயிறு போட்டுக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். முறைப்படி பார்த்தால் கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தி, அடித்தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளிப்பக்கமாக அளக்கவேண்டும். அந்தச் செலவு கையைக் கடிக்கும் என்று, மிதக்கவிட்டே உள்ளிருந்து அளந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். நான் முகத்தைச் சுளித்தேன். சுளித்ததோடு சரி.

என்ஜின் ரூமுக்குப் பொறுப்பாளர் ஐம்பது தாண்டிய மனிதர். எல்லோரும் அவரைச் சீஃப் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஏணியடியில் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் என்ஜின் ரூமுக்குள் நடப்பார், ஏதோ பூஜையறைக்குள் போகிறவர் போல. அவர் ஆங்கிலமும் அரைகுறை, என் ஆங்கிலமும் அப்படித்தான், அதனால் நன்றாக ஒத்துப்போயிற்று. டப்பாவைத் திறந்து பிஸ்கட் கொடுத்தார். பிறகு இடது பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தரையைக் காட்டினார். ஒரு கட்டில் அகலத்துக்கு சிமெண்ட் கொட்டி வழவழவென்று பூசியிருந்தது.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி நடுக்கடலில் இங்கே ஓட்டை விழுந்தது. மரத்தை அடித்து அடைத்து, மேலே சிமெண்ட் கொட்டினேன். என் கையால் பூசியது. அன்றிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை" என்றார். மற்ற மூன்று கப்பல்காரர்களுக்கும் இந்த வித்தையை அவர்தான் சொல்லிக்கொடுத்தாராம். சிமெண்ட் மேல் ஒரு மடக்கு ஸ்டூல் கிடந்தது. வேலை இல்லாத நேரத்தில் அங்கேதான் உட்காருவாராம், கப்பலிலேயே குளுமையான இடம் அதுதானாம். எனக்கு அதே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்கார்ந்து இன்னொரு பிஸ்கட் சாப்பிட்டேன். நிஜமாகவே குளுகுளுவென்று இருந்தது. கீழே கடல் அல்லவா!

அளவெடுக்க வந்த ஃபோர்மேன் நம்மூர்க்காரர், அறந்தாங்கிப் பக்கம். பதினெட்டு வருஷமாகச் சிங்கப்பூரில் யார்டு யார்டாக இதே வேலை. தகட்டைச் சுரண்டி, பசை தடவி, கையடக்கக் கருவியின் முனையை வைத்தால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று எண் வரும். மூன்று நாள் குனிந்தே அளந்தார். கடைசி நாள் என்னிடம் வந்தார்.

"மேடம், எல்லாம் முடிஞ்சுது. அந்த சிமெண்ட்டு போட்ட எடம் மட்டும் எடுக்க முடியல. ஒம்பது பாயின்ட்டு."

"சிமெண்ட்ட ஒடைச்சுப் பாக்க முடியாதா அண்ணே?"

"தண்ணியில நிக்கிற கப்பல் மேடம். அடியில தகடு இருக்கோ, இல்ல சிமெண்ட்டுதான் கடலைத் தாங்கிக்கிட்டு இருக்கோ, யாரு கண்டா? ஒடைச்சா உள்ள வந்துரும். மேல எடுத்து நிறுத்தித்தான் பாக்கணும்."

"அப்ப அந்த ஒம்பதுக்கு என்ன எழுதப் போறீங்க?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பாக்காத எடத்துக்கு என்னத்த எழுதுறது? காலியா விட்டுட்டேன்" என்றார்.

அவருடைய பட்டியல் புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் திட்டத்தை அனுப்பியாகவேண்டும். எங்கள் மேலாளர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கு உலகமே வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும். எல்லா அளவையும் கணக்குப் போடும் மென்பொருளில் ஏற்றினேன். ஒன்பது கட்டம் காலி என்று அது அடம்பிடித்தது. எண் இல்லாமல் நகரமாட்டேன் என்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சுற்றிலும் இருந்த தகடுகளின் சராசரியைப் போட்டேன். ஆறு புள்ளி நாலு. அதே எண்ணை ஒன்பது தடவை. ஆறுக்குக் கீழே போனால் கப்பல் சிவப்பு, உடனே ஓய்வு கொடுக்கவேண்டும். ஆறு புள்ளி நாலுக்குப் பச்சை வந்தது. இன்னும் ஆறு வருஷம் ஓடலாம்.

மேலாளர் மேல் பழியைப் போடலாம், வசதியாக இருக்கும். ஆனால் அவர் எந்த எண்ணையும் போடச் சொல்லவில்லை. எட்டிப் பார்த்து, "பச்சையா வந்துருச்சு லா! சூப்பர்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தத் திட்டத்தின் மேல் ஒரு மயக்கம், அதுதான் உண்மை. இருக்கிற நாலையும் வைத்து ஒப்பேற்றி, புதியது வரும் நாள்வரை ஒரு வாரம்கூடக் கடல் காவலில்லாமல் கிடக்காதபடி அட்டவணை போட்டிருந்தேன். இரண்டாவது கப்பலை எடுத்தால் எல்லாம் பொலபொலவென்று கொட்டிவிடும். என் கெட்டிக்காரத்தனம் வீணாகக்கூடாது என்றுதான் அந்த எண்ணைப் போட்டேன். கோபக்காரி, யாரையும் கேள்வி கேட்காமல் விடமாட்டேன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். என்னை நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அறிக்கையில் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: அளக்க இயலாத இடங்களுக்கு அருகிலுள்ள அளவுகளின் சராசரி கொள்ளப்பட்டது. அதை எழுதியதும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது, கேவலம்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை மேலாளர் என் மேசைக்கு வந்து நின்றார். வழக்கமாகத் தூரத்திலிருந்தே கூப்பிடுகிறவர். இரண்டாவது கப்பல் முந்தின நாள் புயலில் மூழ்கிவிட்டது என்றார். என்ஜின் ரூமில்தான் முதலில் தண்ணீர் புகுந்ததாம், இடது பக்கம். இருபத்தெட்டுப் பேரைக் காப்பாற்றிவிட்டார்கள். சீஃபும் இன்னும் இரண்டு பேரும் மேலே வரவில்லை. மற்றவர்களை ஏணியில் ஏற்றிவிட்டு அவர் கீழேயே நின்றாராம். நான் கழிவறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நான்தான் கொன்றேன் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, யார் என்ன சமாதானம் சொன்னாலும் சரி.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கடற்படையிலிருந்து கடிதம் வந்தது. மூன்று கப்பலுக்குத் திருத்திய திட்டம் வேண்டும். இரண்டாவது கப்பலின் வரிசையை அழித்தேன். அழித்த உடனே இரண்டு வருஷமாகச் சிவப்பாகவே இருந்த ஆள் பற்றாக்குறைக் கட்டம் பச்சையாகிவிட்டது. மூன்று கப்பலுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் போதுமே! இருந்தவர்கள் நூற்றெட்டு. மூன்றைக் கழித்து நூற்றைந்து என்று மாற்றினேன். அப்போதும் பச்சைதான். நாங்கள் எத்தனை முட்டி மோதியும் வராத கணக்கு, மூன்று பேர் செத்ததும் சரியாக வந்துவிட்டது. பிழைத்தவர்களை எங்கே போடுவது என்றும் திட்டத்தில் சொல்லவேண்டும். மூன்றாவது கப்பலில்தான் ஆள் மிகவும் குறைவு. பத்துப் பேரை அதற்கு மாற்றி எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மேனைத் தேடிப் போனேன். வாராவாரம் லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்க வருவார் என்று தெரியும். ஃபேரர் பார்க் ஸ்டேஷன் பக்கத்துப் புல்வெளியில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தார். தனியாகக் கூப்பிட்டு, கப்பல் போனதைச் சொன்னேன். சீஃபை அவருக்கும் தெரியும். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த ஒம்பது எடத்துக்கு நீங்க என்ன மேடம் போட்டீங்க?" என்று கேட்டார்.

"சராசரி போட்டேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "பக்கத்துத் தகடெல்லாம் எவ்வளவோ அதுவும் அவ்வளவுன்னு போட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"தெரியலேன்னா பூஜ்யம் போட்டிருக்கலாமே மேடம்" என்றார்.

அவ்வளவுதான். இருபது வருஷப் படிப்பும் அனுபவமும் இருக்கிற எனக்கு அது தோன்றவில்லை. பூஜ்யம் போட்டிருந்தால் கப்பல் சிவப்பாகியிருக்கும். மேலே எடுத்து சிமெண்ட்டை உடைத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்றாகியிருக்கும். சீஃப் என்னைத் திட்டிக்கொண்டே உயிரோடு இருந்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் கடற்படைக்கு எழுதினேன். அந்த ஒன்பது எண்களும் அளந்தவை அல்ல, நான் போட்டவை, தவறு என்னுடையது என்று. மேலாளரைக் கேட்காமலே அனுப்பினேன். கடிதம் கிடைத்தது, நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது. மோசமான வானிலைதான் காரணம் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மூன்றாவது கப்பல் சோதனைக்கு வந்தது. இதுவும் தண்ணீரிலேயே. அதே ஃபோர்மேன்தான் அளந்தார். அதே இடது பக்கம், அதே மாதிரி சிமெண்ட். பட்டியலில் ஏழு கட்டம் காலி. நான் ஏழிலும் பூஜ்யம் போட்டேன். கப்பல் சிவப்பாயிற்று.

மேலாளர் ஓடி வந்தார். "என்ன லா இது? இத எடுத்துட்டா அவங்ககிட்ட ரெண்டே ரெண்டு கப்பல்தான். இத எப்படி நான் கிளையன்ட்கிட்ட காட்டுவேன்?"

"காட்டுங்க. வெளிய எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. அவங்க எடுக்காம ஓட்டுனா இன்னொரு சாவு விழும். நான் இதுல ஒரு எண்ணக்கூட மாத்த மாட்டேன்" என்று கத்தினேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. அவர் அப்படியே அனுப்பினார். அதற்காக அவரைக் கும்பிடலாம்.

பதில் நாலே நாளில் வந்தது. கப்பலை மேலே எடுக்க இந்த வருஷம் நிதி இல்லை. அளக்க இயலாத இடங்களைப் பொறுத்தவரை, எங்கள் கம்பெனியின் முந்தைய அறிக்கையில் கையாண்ட முறையையே இதற்கும் கையாண்டுகொள்கிறார்களாம். பக்க எண்ணைக்கூடக் குறிப்பிட்டிருந்தார்கள். நான் பொடி எழுத்தில் எழுதிய அதே வரி. அவர்களே சராசரி போட்டு, அவர்களே பச்சையாக்கி, கப்பலைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் இரண்டு கடிதம் எழுதினேன், மேலாளர் ஒன்று எழுதினார். பிறகு ஒப்பந்தம் எங்களிடமிருந்து போய்விட்டது.

கடலில் எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலி ஒன்று போனில் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அந்த மூன்றாவது கப்பலைத் தேடுவேன். சின்ன முக்கோணமாகத் தெரியும். தெரிகிற வரைக்கும் போனைக் கீழே வைக்கமாட்டேன். மூழ்கிய கப்பலிலிருந்து தப்பித்தவர்களில் நான் மாற்றி எழுதிய பத்துப் பேரும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கீரை வாங்கப் போகையில் ஃபோர்மேனைப் பார்ப்பேன். சௌக்கியமா என்றுகூடக் கேட்கமாட்டார்.

"ஓடுதா மேடம்?"

"ஓடுது அண்ணே."

தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். போன வாரமும் கேட்டார்.